எக்ஸ் ஃபைல்ஸ்: மர்மத்தை மட்டும் பார்த்தால் போதாதா?

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று நான்கு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை. வேறு மூன்று கேள்விகளுக்குக் குறிப்பு எடுத்து வைத்திருந்தேன். அவை அடுத்த வாரத்துக்குப் போகட்டும், இன்றைக்கு இது ஒன்றுதான்.

கேள்வியை அப்படியே படிக்கிறேன். "அண்ணா, நானும் அக்காவும் எக்ஸ் ஃபைல்ஸ் பார்க்க ஆரம்பித்து முதல் இரண்டு எபிசோடு முடித்திருக்கிறோம். இனி வருகிற பெரும்பாலான எபிசோடுகள் ஒவ்வொன்றும் ஒரு தனிக் கதையாம். மல்டரின் தங்கை காணாமல் போனதற்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லையாம். அந்த மர்மம் வருகிற எபிசோடுகளை மட்டும் ஒரு பட்டியலாக எடுத்து வைத்திருக்கிறேன். அக்கா ஒன்று விடாமல் பார்க்கவேண்டும் என்கிறாள். தோற்றவர் பிரியாணி வாங்கித் தருவதாகப் பந்தயம். நீங்கள் தீர்ப்பு சொல்லவேண்டும்."

தம்பி, பிரியாணிக்குப் பணம் எடுத்து வையுங்கள்.

சரி, காரணம் சொல்லாமல் தீர்ப்பு சொன்னால் நியாயமில்லை. ஆனால் காரணம் சொல்ல வேண்டுமென்றால் கதையையும் சொல்லியாகவேண்டும். 1993இல் வந்த தொடர் இது. முப்பது வருடம் கழித்தும் ரகசியம் காக்க என்னால் முடியாது. அதனால் கதை தெரிந்துவிடக்கூடாது என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு, பார்த்து முடித்தபின் வாருங்கள்.

தொடரைப் பார்க்காதவர்களுக்கு இரண்டு வரி. ஃபாக்ஸ் மல்டர், டேனா ஸ்கல்லி என்று எஃப்பிஐயில் இரண்டு பேர். யாராலும் விளக்கமுடியாத வழக்குகள் இவர்கள் மேசைக்கு வரும். மல்டர் எதையும் நம்புவான். ஸ்கல்லி மருத்துவம் படித்தவள், அறிவியல் விளக்கம் இல்லாமல் எதையும் ஏற்கமாட்டாள். மல்டருடைய தங்கை சமந்தா 1973 நவம்பரில், எட்டு வயதில், வீட்டுக்குள்ளிருந்தே காணாமல் போனவள். வேற்றுக்கிரகத்தார் தூக்கிப்போனார்கள் என்பது அவன் நம்பிக்கை. அரசாங்கத்துக்கு அது தெரியும், மறைக்கிறார்கள் என்பதும் அவன் நம்பிக்கை. இதுதான் மைய மர்மம். ரசிகர்கள் மித்தாலஜி என்பார்கள். மற்றவற்றுக்கு மான்ஸ்டர் எபிசோடு என்று பெயர்: வாரத்துக்கு ஒரு பூதம், வாரத்துக்கு ஒரு வழக்கு, ஒரே எபிசோடில் முடிந்துவிடும்.

தம்பி கேட்கிற பட்டியலைத் தொடரைத் தயாரித்த நிறுவனமே கடையில் விற்றிருக்கிறது. 2005இல் மித்தாலஜி எபிசோடுகளை மட்டும் பொறுக்கி நான்கு டிவிடி தொகுப்புகளாகப் போட்டார்கள். மொத்தம் 60 எபிசோடு. 1993 முதல் 2002 வரை ஒன்பது சீசன்களில் வந்தவை 202. அதாவது, மூன்றில் இரண்டு பங்குக்கும் அதிகமானதைத் தூக்கி எறிந்துவிட்டு மிச்சத்தைப் பார்க்கிறேன் என்கிறீர்கள்.

நம்ம ஊர் வேதாளம் கதையை நினைத்துப்பாருங்கள். விக்கிரமாதித்தன் முருங்கை மரத்தில் ஏறுகிறான், பிணத்தை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறான். வேதாளம் ஒரு கதை சொல்லி, கடைசியில் ஒரு கேள்வி கேட்கிறது. அவன் பதில் சொல்கிறான், வேதாளம் மறுபடியும் மரத்தில் போய்த் தொங்குகிறது. இதில் மையக் கதை எது? பிணத்தைச் சுமந்துகொண்டு நடப்பது. யாராவது பாட்டியிடம் போய், "வேதாளம் சொல்கிற கதையெல்லாம் வேண்டாம் பாட்டி, பிணத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கிற பகுதியை மட்டும் சொல்லு" என்று கேட்டதுண்டா? அந்தப் பட்டியல் கேட்பது அதைத்தான். இதை நான் கொலம்போ என்கிற துப்பறியும் தொடர் பற்றிய காணொளியிலும் சொன்னேன், துப்பறியும் தொடர்களின் கடைசி எபிசோடுகள் பற்றிய காணொளியிலும் சொன்னேன். மறுபடியும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

தொடரின் மூன்றாவது எபிசோடையே எடுத்துக்கொள்வோம். பெயர் 'ஸ்க்வீஸ்'. முதல் இரண்டும் வேற்றுக்கிரக விவகாரம். மூன்றாவதில்தான் முதல் பூதம் வருகிறது: யூஜின் டூம்ஸ். பால்டிமோர் நகரத்தில் ஒரு ஆள். முப்பது வருடத்துக்கு ஒரு முறை விழிப்பான், ஐந்து பேரைக் கொன்று ஈரலைத் தின்பான், மறுபடி போய்ப் படுத்துவிடுவான். உடம்பை இழுத்து நீட்டி எந்தச் சந்திலும் நுழைந்துவிடுவான். பூட்டிய அறை, உள்ளே பிணம், காற்றுவழியின் சட்டத்தில் நீள நீளமாக விரல் ரேகை.

இதை நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது கேபிளில் பார்த்தேன். அன்று ராத்திரி எங்கள் வீட்டுக் குளியலறை வெண்டிலேட்டரை, மூன்று கம்பி வைத்த ஒரு சின்ன ஓட்டை அது, பழைய தினசரித் தாளைச் சுருட்டி அடைத்துவைத்தேன். காலையில் அம்மா பார்த்துவிட்டு, "யார்டா இது?" என்றார்கள். நான் எலி என்று சொல்லிவிட்டேன். எலிக்காக அப்பா ஒரு பொறி வாங்கி வந்தார். வீட்டில் எலியே கிடையாது. அந்தப் பொறி ரொம்ப நாள் குளியலறை மூலையில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது.

அதே காலத்தில் ஒரு மித்தாலஜி எபிசோடின் முதல் பாகம் பார்த்தேன். அடுத்த வாரம் இரண்டாம் பாகம். அந்த நேரம் பார்த்து எங்கள் தெருக் கேபிள்காரர் ஒயரைப் பிடுங்கிவிட்டார். யாருக்கும் யாருக்குமோ பணத் தகராறு. இரண்டாம் பாகத்தை நான் பார்த்தது கல்லூரி முடிந்த பிறகுதான். பார்த்தபோது, "ஓ, இவ்வளவுதானா" என்றிருந்தது. எலிப்பொறி ஞாபகம் இருக்கிற அளவுக்கு அந்த இரண்டாம் பாகம் எனக்கு ஞாபகம் இல்லை.

வேடிக்கை இருக்கட்டும். 'ஸ்க்வீஸ்' எபிசோடில் டூம்ஸ் மட்டுமா இருக்கிறான்? ஸ்கல்லியுடன் பயிற்சியில் ஒன்றாக இருந்த ஒரு ஏஜெண்ட் அவளைச் சாப்பிட அழைக்கிறான். "அந்தக் கிறுக்கனோடு இருந்தால் உன் எதிர்காலம் பாழ், எங்கள் பக்கம் வந்துவிடு" என்பதுதான் அவன் பேச்சின் சாரம். கொலைகாரனுக்கு நூறு வயதுக்கு மேல் என்று மல்டர் சொன்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள். ஸ்கல்லியும் அதை நம்பவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பில் அவள் சேரவில்லை, மல்டர் பக்கமே நிற்கிறாள். தொடர் முழுவதையும் தாங்கப்போகிற முதல் முடிவை அவள் எடுப்பது இங்கே. தம்பியின் பட்டியலில் இந்த எபிசோடு இல்லை. பட்டியல்காரர் கணக்கில் இது சும்மா ஒரு பூதக் கதை.

கடைசிக் காட்சியை மட்டும் சொல்லிவிடுகிறேன். டூம்ஸைப் பிடித்துச் சிறையில் போட்டுவிட்டார்கள். காவலர் வந்து கதவில் சாப்பாடு தள்ளுகிற சின்னத் திறப்பில் தட்டை வைத்துவிட்டுப் போகிறார். டூம்ஸ் தட்டைப் பார்க்கவில்லை. அந்தத் திறப்பையே பார்க்கிறான், பார்த்துச் சிரிக்கிறான். அவ்வளவுதான், முடிந்தது.

இனி தம்பி கட்சிக்கும் நியாயம் செய்யவேண்டும். மர்மத்தைத் துரத்துகிற ஆசையில் தப்பே இல்லை. அந்த ஆசையைக் கிளப்பியதே அந்தத் தொடர்தானே. ஆனால் அந்த மர்மம் எப்படி உருவானது என்று தெரிந்தால் கொஞ்சம் நிதானம் வரும். இரண்டாவது சீசனில் ஸ்கல்லியை யாரோ கடத்திப்போவார்கள். பின்னால் அவள் கழுத்திலிருந்து ஒரு சின்ன உலோகச் சில்லு எடுப்பார்கள், அவளுக்குப் புற்றுநோய் வரும், இப்படி வருடக்கணக்கில் கதை ஓடும். மைய மர்மத்தின் முதுகெலும்பே அந்தக் கடத்தல்தான். அது ஏன் வந்தது? நடிகை கில்லியன் ஆண்டர்சன் நிஜமாகவே கர்ப்பமாக இருந்தார். 1994 செப்டம்பரில் பிரசவம். முதலில் மேசைக்குப் பின்னால் உட்காரவைத்தார்கள், பெரிய கோட்டு போட்டார்கள், முகத்தருகே கேமராவை வைத்தார்கள். அதற்கு மேல் மறைக்க முடியவில்லை, கடத்திவிட்டார்கள். திரும்பி வந்தபின் முதல் எபிசோடில் அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் நினைவில்லாமல் படுத்திருப்பார். பிரசவமான உடம்புக்கு அதுதானே முடியும்.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. கையில் இருந்ததை வைத்து நன்றாகவே சமைத்தார்கள். நான் சொல்வது, முதல் நாளே முழுக் கோலத்துக்கும் புள்ளி வைத்துவிட்டு இழுத்த கோலம் இல்லை அது. வந்த வரைக்கும் இழுத்தார்கள். ஆறாவது சீசனில் உண்மையை மறைத்துவந்த சதிக்கூட்டத்தின் கதையை முடித்தார்கள், ஏழாவதில் சமந்தாவுக்கு ஒரு பதில் கொடுத்தார்கள். அந்தப் பதிலில் திருப்திப்பட்டவர்களை விரல்விட்டு எண்ணலாம். ஏழு வருடம் காத்திருந்த மனசுக்கு எந்தப் பதில்தான் போதும்?

அப்புறம் தொலைக்காட்சி வியாபாரம் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் அப்போதெல்லாம் நவம்பர், பிப்ரவரி, மே மாதங்களில் எந்த நிகழ்ச்சியை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று விரிவாகக் கணக்கெடுப்பார்கள். விளம்பரக் கட்டணம் அதை வைத்துத்தான். எக்ஸ் ஃபைல்ஸின் பெரிய இரண்டு பாகக் கதைகள் பலவும் அந்த மாதங்களில் விழுவதைக் கவனியுங்கள். தீபாவளிக்குப் பெரிய நடிகர் படம் வருகிற மாதிரி. மற்ற வாரங்களில் தனிக் கதை. சீசனுக்கு 20 முதல் 25 எபிசோடு வரை எடுக்கவேண்டும், நடுவில் வந்து உட்காருகிறவனுக்கும் புரியவேண்டும், பிற்பாடு உள்ளூர் நிலையங்கள் மறுஒளிபரப்பு செய்யும்போது வரிசை மாறினாலும் குடிமுழுகிப்போகக்கூடாது. தனிக் கதை பிறந்தது இந்தக் கட்டாயத்தில். ஆனால் எழுதியவர்களுக்கு அது விடுதலையாக அமைந்துவிட்டது. அடுத்த வாரத்தைப் பற்றிக் கவலைப்படாமல் ஒருவர் நகைச்சுவை எழுதலாம், ஒருவர் பேய்க்கதை எழுதலாம்.

இதற்கு நேர் எதிரான உதாரணம் ட்வின் பீக்ஸ். 1990இல் வந்தது. ஒரு பிணம், ஒரே கேள்வி: லாரா பாமரைக் கொன்றது யார்? ஊரே அதைப் பற்றிப் பேசியது. பதில் சொல்லுங்கள் என்று தொலைக்காட்சி நிறுவனம் நெருக்கியது, இரண்டாவது சீசன் நடுவில் சொன்னார்கள். சொன்ன பிறகு பார்க்கிறவர்கள் கூட்டம் கூட்டமாகக் கழன்றுகொண்டார்கள், 1991இல் தொடர் நின்றுபோனது. திரும்பி வர 2017 ஆயிற்று. வேதாளத்திடம் கதையே இல்லை, பிணம் மட்டும்தான் என்றால், பிணத்தை இறக்கிவைத்ததும் எல்லாரும் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

மங்க் தொடர் இரண்டையும் அளந்து கலந்தது. 2002 முதல் 2009 வரை 125 எபிசோடு. துப்பறிவாளன் மங்கின் மனைவி ட்ரூடி, காரில் யாரோ வைத்த குண்டு வெடித்து இறந்தவள். கொன்றது யார் என்பதுதான் மைய மர்மம். எப்போதாவது ஒரு எபிசோடில் ஒரு துளி விடுவார்கள், மற்றபடி வாரத்துக்கு ஒரு வழக்கு. கடைசியில் பதில் எங்கே இருந்தது தெரியுமா? அவன் வீட்டிலேயே. இறப்பதற்கு முன் ட்ரூடி கிறிஸ்துமஸுக்காகத் தாள் சுற்றி வைத்திருந்த ஒரு பரிசுப் பெட்டி. பன்னிரண்டு வருடமாக அவன் அதைப் பிரிக்கவே இல்லை. பிரித்துவிட்டால் அவளிடமிருந்து வரவேண்டியது வேறெதுவும் மிச்சமில்லை. உள்ளே இருந்த ஒளிநாடாவில் அவளே எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள்.

இந்தப் பெட்டிக் காட்சியை இணையத்தில் தனியாக வெட்டிப் பார்த்த ஒருவர், "இது என்ன சார், பெட்டியை முன்னாடியே திறந்திருந்தால் முதல் எபிசோடிலேயே முடிந்திருக்குமே" என்று எனக்கு எழுதினார். அவர் சொன்னது சரிதான், கதைச்சுருக்கமாகப் பார்த்தால் ஓட்டைதான். ஆனால் கதவுப்பிடியைத் தொட்டால் கை துடைக்கிற, விளக்குக் கம்பம் ஒவ்வொன்றையும் தொட்டுக்கொண்டே நடக்கிற ஒரு மனிதனை நூற்றுச் சொச்சம் எபிசோடு பார்த்துவிட்டு வந்தால், அவன் ஏன் பிரிக்கவில்லை என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள்.

கொலம்போவை மறுபடி இழுக்கவேண்டாம் என்று நினைத்தேன், முடியவில்லை. 69 எபிசோடு, கொலைகாரன் யாரென்று பெரும்பாலும் தொடக்கத்திலேயே நமக்குத் தெரிந்துவிடும். மைய மர்மம் என்று ஒன்றும் கிடையாது. ஆனாலும் ரசிகர்கள் இன்றுவரை சண்டை போட ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார்கள்: துப்பறியும் அதிகாரி கொலம்போ "என் மனைவி" என்று வாய்க்கு வாய் சொல்கிறாரே, அந்தம்மா நிஜமாகவே இருக்கிறாரா? கொலம்போ தொடரில் ஒரு எபிசோடில்கூட அவர் திரையில் வருவதில்லை. மர்மம் வைக்காத இடத்திலும் ஜனங்கள் மர்மம் கண்டுபிடிப்பார்கள், ஆள்மேல் பிரியம் வந்துவிட்டால்.

சரி, எக்ஸ் ஃபைல்ஸுக்கு வருவோம். தம்பி, நீங்கள் இந்தக் கேள்விக்குப் பதிலாக வேறொன்று கேட்டிருந்தால் நான் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன். எல்லா எக்ஸ் ஃபைல்ஸ் ரசிகர்களும் ஒரு நாள் கேட்கிற கேள்வி: "ஸ்கல்லி இவ்வளவையும் கண்ணால் பார்த்த பிறகும் ஏன் நம்பமாட்டேன் என்கிறாள்?" சந்து வழியாக நுழைகிறவனைப் பார்த்தாள், சாக்கடையிலிருந்து வந்த புழு மனிதனைப் பார்த்தாள். அடுத்த வாரம் வந்து, "இதற்கு அறிவியல் விளக்கம் இருக்கும் மல்டர்" என்கிறாள். எழுதியவர்களின் சோம்பேறித்தனம் என்று சிலர் சொல்வார்கள். நீங்கள் கேட்காவிட்டாலும் இதற்கு நான் பதில் சொல்லப்போகிறேன், ஏனென்றால் பந்தயத்துக்கான பதிலும் இதற்குள்தான் இருக்கிறது.

முதல் சீசன், பதின்மூன்றாவது எபிசோடு, 'பியாண்ட் தி சீ'. தனிக் கதைதான், டிவிடித் தொகுப்பில் கிடையாது. ஸ்கல்லியின் அப்பா கடற்படை அதிகாரி. அப்பாவும் அம்மாவும் மகள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறார்கள். அவள் சோபாவிலேயே தூங்கிவிடுகிறாள். நடுராத்திரி கண் விழித்தால், எதிர் நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருக்கிறார். உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. "அப்பா?" என்கிறாள். டெலிபோன் மணி அடிக்கிறது. திரும்பிப் பார்த்தால் நாற்காலி காலி. போனில் அம்மா: அப்பா மாரடைப்பில் போய்விட்டார், ஒரு மணி நேரம் ஆகிறது.

அவள் சீக்கிரமே வேலைக்கு வந்துவிடுகிறாள். வழக்கு: வடக்கு கரோலினாவில் ஒரு மரண தண்டனைக் கைதி, பெயர் பாக்ஸ். கடத்தப்பட்ட இரண்டு மாணவர்கள் இருக்கும் இடம் தனக்குத் தெரியும், ஆவிகள் என்னிடம் பேசுகின்றன, தண்டனையைக் குறைத்தால் சொல்கிறேன் என்கிறான். இங்கே பாருங்கள், வழக்கமாக எதையும் நம்புகிற மல்டர் இவனை நம்பவில்லை. ஒரு துணித்துண்டைக் கொடுத்து, கடத்தப்பட்டவனுடையது என்கிறான். பாக்ஸ் அதைப் பிடித்துக்கொண்டு சாமியாடுகிறான், என்னென்னவோ சொல்கிறான். கடைசியில் மல்டர் சொல்கிறான்: அது என் பனியனில் கிழித்தது. துப்பறியும் கதை என்றால் இது. பூசாரியின் குட்டு உடைந்தது, கதை முடிந்தது என்று நினைக்கிறோம்.

மல்டர் வெளியே போய்விட்டான். ஸ்கல்லி வாசலைத் தாண்டுகிற நேரம் அவள் அப்பாவுடைய இறுதிச் சடங்கில் ஒலித்த பாட்டைப் பாக்ஸ் முணுமுணுக்கிறான். அவள் நின்றுவிடுகிறாள். இந்த வாரம் நம்புகிறவள் அவள், சந்தேகப்படுகிறவன் அவன்.

கடைசியில் பாக்ஸ் ஒரு ஆசை காட்டுகிறான்: என் தண்டனை நிறைவேறும் நேரத்துக்கு வா, உன் அப்பா சொல்ல வந்ததைச் சொல்கிறேன். அவள் போகவில்லை. அந்த நேரத்தில், குண்டடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிற மல்டரின் கட்டிலருகே உட்கார்ந்திருக்கிறாள். இத்தனைக்குப் பிறகும் ஏன் உன்னால் நம்ப முடியவில்லை என்று மல்டர் கேட்கிறான். நம்புவதற்குப் பயமாக இருக்கிறது என்கிறாள். அப்பா என்ன சொல்ல வந்தார் என்று தெரிந்துகொள்ள வேண்டாமா என்றால், அது தனக்கே தெரியும் என்கிறாள். எப்படி என்று கேட்டால், அவர் என் அப்பா என்பதுதான் பதில்.

ஸ்கல்லி ஏன் நம்பவில்லை என்ற கேள்விக்கு 202 எபிசோடிலும் இதைவிட நல்ல பதில் எனக்குக் கிடைக்கவில்லை. பட்டியலைப் பிடித்துக்கொண்டு போகிறவனுக்கு இது கண்ணில் படாது.

இதோடு நிற்கவில்லை. இந்த எபிசோடில் அவள் அப்பாவை 'ஆகாப்' என்று கூப்பிடுவாள், அவர் அவளை 'ஸ்டார்பக்' என்பார். மோபி டிக் நாவலில் ஒரு வெள்ளைத் திமிங்கிலத்தைத் துரத்துகிற கப்பல் தலைவனும் அவனுடைய துணை அதிகாரியும். இதை மனசில் வைத்துக்கொண்டு மூன்றாவது சீசனுக்கு வாருங்கள். நான்காவது எபிசோடு, 'கிளைட் பிரக்மன்ஸ் ஃபைனல் ரிபோஸ்'. டேரின் மார்கன் எழுதியது. அதே டேரின் மார்கன்தான், இரண்டாவது சீசனில் அந்தப் புழு மனிதன் வேஷத்துக்குள் இருந்தவர்! எழுத்துக்கு அவருக்கும், கௌரவ நடிகராக வந்த பீட்டர் பாயிலுக்கும் தொலைக்காட்சிக்கான எம்மி விருது கிடைத்தது. பிரக்மன் ஒரு இன்சூரன்ஸ் விற்பனையாளர். யார் எப்படிச் சாவார்கள் என்பது அவருக்குத் தெரியும். வேறு எதுவும் தெரியாது, லாட்டரி எண்கூடத் தெரியாது. இன்சூரன்ஸ்காரருக்கு இந்த வரம், பாருங்கள் குசும்பை.

ஸ்கல்லி அவரிடம், சரி, நான் எப்படிச் சாவேன் என்று கேட்கிறாள். நீ சாகமாட்டாய் என்கிறார். இந்த ஒற்றை வரியை வைத்து ரசிகர்கள் முப்பது வருடமாக மல்லுக்கட்டுகிறார்கள். வயதான மனுஷன் ஒரு பெண்ணிடம் பிரியமாகச் சொன்ன பொய் என்று ஒரு கட்சி. இல்லை, அவர் சொன்னதெல்லாம் பலித்ததே என்று இன்னொரு கட்சி. அப்புறம் ஆறாவது சீசனில் 'டித்தோனஸ்' என்று ஒரு தனிக் கதை வந்தது. சாகவே முடியாத ஒரு புகைப்படக்காரர். ஸ்கல்லி குண்டடிபட்டுக் கிடக்கும்போது, கண்ணை மூடிக்கொள் என்று சொல்லிவிட்டு அவளுக்கு வந்த சாவை அவர் வாங்கிக்கொள்கிறார். இரண்டாவது கட்சிக்கு ஒரே கொண்டாட்டம். பாருங்கள், இரண்டு தனிக் கதைகள், மூன்று வருட இடைவெளி. சேர்த்துவைத்தால் வேற்றுக்கிரகத்தாரைவிடப் பெரிய மர்மம். நான் முதல் கட்சி. பிரக்மன் பொய்தான் சொன்னார் என்பது என் எண்ணம், ஆனால் அடம்பிடிக்கமாட்டேன்.

அந்த எபிசோடு முடிவில் ஸ்கல்லி வீட்டுக்கு ஒரு நாய் வருகிறது. பிரக்மன் வீட்டருகே இருந்த ஒரு பாட்டியின் பொமரேனியன். பாட்டி இறந்து கிடந்தபோது பசி தாங்காமல் அவரையே கொஞ்சம் தின்ற நாய். அதற்கு அவள் வைக்கிற பெயர் குயிக்குவெக். மோபி டிக் கதையில் ஈட்டி எறிபவன், நரமாமிசம் தின்னும் கூட்டத்திலிருந்து வந்தவன். அப்பா படித்துக்காட்டிய புத்தகத்திலிருந்து நாய்க்குப் பெயர்.

அதே சீசன் கடைசியில் 'க்வாக்மயர்'. ஏரியில் ஒரு பெரும் பிராணி இருப்பதாக வதந்தி. நாயைப் பார்த்துக்கொள்ள யாரும் கிடைக்காததால் அதையும் கூட்டிக்கொண்டு போகிறார்கள். இருட்டில் ஏரிக்கரையில் நாய் குலைத்துக்கொண்டு ஓடுகிறது, சுருள்வார் இழுபடுகிறது, சட்டென்று தொய்கிறது. அவள் வாரை இழுத்துப் பார்த்தால் கழுத்துப்பட்டை மட்டும் வருகிறது. அதற்கப்புறம் படகு மூழ்கி, ராத்திரி முழுக்க ஒரு பாறையில் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுகிறார்கள். நாய்க்கு ஏன் அந்தப் பெயர் என்பதில் தொடங்கி, அப்பாவுக்கு வந்து, நீயும் ஆகாப் மாதிரிதான் மல்டர், வெள்ளைத் திமிங்கிலத்தைத் துரத்துகிறாய் என்கிறாள். வேற்றுக்கிரகத்தார், தங்கை, சதி, எல்லாவற்றையும் பற்றி ஸ்கல்லி சொல்லவேண்டியதை ஒரு பூதக் கதையில், பாறைமேல் உட்கார்ந்து சொல்லிவிடுகிறாள். ஏரி நடுவில் மாட்டிக்கொண்டோம் என்று நினைத்து அவர்கள் அந்தப் பாடு படுகிறார்கள். கடைசியில் ஒருவர் தண்ணீரில் நடந்தே வருகிறார். கரை பத்தடி தூரத்தில்தான் இருந்திருக்கிறது.

முதல் சீசனில் ஒரு அப்பா, மூன்றாவது சீசன் தொடக்கத்தில் ஒரு நாய், கடைசியில் ஒரு பாறை. இதற்குப் பெயர் தொடர்கதை இல்லையா? 60 எபிசோடு டிவிடியில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை.

அதற்காக அக்கா கட்சி தலைகீழாகப் போகவும் வேண்டாம். மித்தாலஜியே தண்டம் என்று சொல்கிற கூட்டமும் உண்டு. 'ஒன் பிரெத்' என்று நான் முன்னால் சொன்ன ஆஸ்பத்திரிக் கட்டில் எபிசோடு மித்தாலஜிதான், அதைப் பார்த்துவிட்டு யாராவது கல்லாக இருந்தால் வந்து சொல்லட்டும். தனிக் கதைகளில் குப்பையும் இருக்கிறது. முதல் சீசனில் 'ஸ்பேஸ்' என்று ஒன்று. விண்வெளி வீரர் ஒருவர், செவ்வாய் கிரகத்திலிருந்து வந்த ஒரு மூஞ்சி, விண்கலம் கிளம்புமா கிளம்பாதா என்று முக்கால் மணி நேரம். நான் இரண்டு முறை முயன்று இரண்டு முறையும் தூங்கிவிட்டேன்.

தம்பி, அக்காவுக்குப் பிரியாணி வாங்கிக் கொடுங்கள். சாப்பிட்டுக்கொண்டே 'ஸ்க்வீஸ்' பார்க்காதீர்கள், ஈரல் சமாசாரம் வருகிறது. பார்த்த பிறகு வெண்டிலேட்டரை அடைப்பதாக இருந்தால் அம்மாவிடம் எலி என்று மட்டும் சொல்லவேண்டாம். 'ஸ்பேஸ்' வரும்போது அக்காவிடம் கேட்டுப்பாருங்கள், அதை ஒன்றை மட்டும் விட்டுவிட அவரே சம்மதிப்பார் என்று நினைக்கிறேன்.